குழா எவ்ளோவோ அவ்ளோதான் – ஒரு தோட்டாவின் சரித்திரம்

முன்குறிப்பு: துப்பாக்கி செய்வது எப்படி, வாங்குவது எப்படின்னு தேடி இங்கே வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடுங்க. இது பழங்கதை பேசுற இடம். :-)

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ (ஊர்னா கள்ளக்குறிச்சி, 2019 நவம்பரில் இருந்து நாங்களும் தனி மாவட்டம், விழுப்புரத்துக்காரர்கள் கவனிக்க) கச்சிராயபாளையத்துல வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்து டீக்கடையில ஒரு காவலர். தோளில் குட்டையா, கறுப்பா, பக்கவாட்டில் மேகசின் நீட்டிக்கிட்டு ஒரு துப்பாக்கி. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சார், இது ஸ்டென் கன்னுங்களா?"

"ஸ்டென் எல்லாம் அந்தக் காலம்ங்க. இது கார்பைன். நைன் எம்.எம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், மலைக்காரர், காடாத்துண்டும் கையில ஒரு பலாப்பழமுமா இருந்தவர், சிரிச்சார். "எங்க அப்பன் காலத்துல ஊட்டுக்கு ஒண்ணு இருந்துச்சு சாமி. அதுக்கு எம்.எம்.மு கிம்.எம்.மு எல்லாம் கிடையாது. குழா எவ்ளோவோ அவ்ளோதான்."

காவலரும் சிரிச்சுட்டார். "இப்ப இல்லையே கவுண்டரே?"

"இப்ப ஏது சாமி!"

பஸ் வந்துடுச்சு. ஆனா அந்த ரெண்டு பதிலும் மலை ஏறுற வரைக்கும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது. ஒருத்தருக்கு 9 மி.மீ., இன்னொருத்தருக்கு குழா எவ்ளோவோ அவ்ளோ. ஏன் 9? யார் முடிவு பண்ணாங்க? அமெரிக்காவுல கைத்துப்பாக்கித் தோட்டா போடுற கார்பைன் வாங்க நினைக்கிறவன் 9 மி.மீ.யா, பாயிண்ட் 45-ஆ, 10 மி.மீ.யான்னு வாரக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிறான். நம்ம ஊர்ல அந்த முடிவை எப்பவுமே வேற யாரோ எடுத்திருக்காங்க. அந்தக் கதைதான் இது.

மொதல்ல கொஞ்சம் பாடம். பொறுத்துக்குங்க. காலிபர்னா குழலோட உள்விட்டம். அங்குலத்துல சொன்னா பாயிண்ட் போட்டு சொல்லுவாங்க, த்ரீ நாட் த்ரீன்னா 0.303 அங்குலம். மில்லிமீட்டர்ல சொன்னா 7.62, 9 இப்படி. ஆனா விட்டம் மட்டும் போதாது, தோட்டாக் கூட்டோட நீளமும் வேணும். நம்ம காவலர் வச்சிருந்தது 9×19. ஜெர்மன்காரர் கியோர்க் லூகர் 1902 வாக்குல கொண்டுவந்தது. காந்தியைச் சுட்ட பெரெட்டாவும் 9 மி.மீ. தான், ஆனா அது 9×17, குட்டை. ரஷ்யாவோட மக்காரோவ் 9×18. மூணும் 9, ஆனா ஒண்ணோட தோட்டா இன்னொண்ணுக்கு ஆகாது. செருப்பு சைஸ் மாதிரி, கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

கார்பைன்னா குட்டைத் துப்பாக்கி. குதிரை மேல உட்கார்ந்து நீளத் துப்பாக்கியைத் தூக்க முடியாதுன்னு வந்தது. அதுல ஏன் கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போடணும்? 1873-ல வின்செஸ்டர் கம்பெனி 44-40 தோட்டாவுல ஒரு துப்பாக்கி விட்டது. அஞ்சு வருஷம் கழிச்சு கோல்ட் கம்பெனி அதே தோட்டாவுக்கு ரிவால்வர் விட்டது. இடுப்புல ஒரே வார், அதுல இருக்கிற தோட்டா ரெண்டுக்கும் ஆகும். அவ்வளவுதான் விஷயம். இன்னொரு லாபமும் உண்டு. கைத்துப்பாக்கியோட நாலு அஞ்சு அங்குலக் குழலுக்குள்ள மருந்து முழுசா வேலை செஞ்சு முடிக்கிறதுக்குள்ள குண்டு வெளியே போயிடும். குழல் நீண்டா அதே தோட்டா கொஞ்சம் வேகம் கூடிப் போகும். தோள்ல கட்டையை அழுத்திச் சுடலாம், குறியும் தப்பாது.

இப்ப 1940-க்கு வாங்க. பிரிட்டன், டன்கிர்க்கில் ஆயுதத்தை எல்லாம் விட்டுட்டு ஓடி வந்திருந்த நேரம். அமெரிக்காவோட தாம்சன் துப்பாக்கி பாயிண்ட் 45. அருமையான சாமான், ஆனா ஒண்ணு சுமார் 200 டாலர். கட்டுப்படியாகலை. 1941-ல என்ஃபீல்டு தொழிற்சாலையில ஷெப்பர்டு, டர்ப்பின்னு ரெண்டு பேர் சேர்ந்து குழாயும் தகடும் வெல்டிங்குமா ஒண்ணு போட்டாங்க. ரெண்டு பேர் பெயரோட முதல் எழுத்தும் என்ஃபீல்டும் சேர்ந்து ஸ்டென். விலை ரெண்டு மூணு பவுண்டு. பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். போர் முடியறதுக்குள்ள சுமார் 40 லட்சம் செஞ்சு தள்ளிட்டாங்க.

அதுக்கு அவங்க எடுத்த காலிபர் 9×19. எதிரியோட தோட்டா! பிரிட்டன் கைத்துப்பாக்கிகள் அப்போ பாயிண்ட் 38, பாயிண்ட் 455. அதை எல்லாம் விட்டுட்டு ஹிட்லரோட தோட்டாவை எடுத்தாங்க. ஒரு காரணம், விளிம்பு இல்லாத தோட்டா மேகசின்ல தடங்கல் இல்லாம ஏறும். விளிம்பு உள்ள ரிவால்வர் தோட்டா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். இன்னொரு காரணம் இன்னும் சுவாரசியம். எதிரிகிட்ட பிடிச்ச தோட்டாவை அப்படியே போட்டுச் சுடலாம். ஐரோப்பாவுல ஒளிஞ்சிருந்து சண்டை போட்ட கூட்டத்துக்கு ஸ்டென்னை வானத்துல இருந்து போட்டா, தோட்டாவுக்கு அவன் ஜெர்மன்காரன் கிடங்கையே நம்பலாம்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. அங்கே காலிபர் தேர்வுக்குக் கணக்கு: அவன் தோட்டா நமக்கு ஆகணும்.

அதே பிரிட்டன்காரன் நம்ம நாட்டுல போட்ட கணக்கு நேர் எதிர். நம்ம தோட்டா அவனுக்கு ஆகக்கூடாது. அவன்னா யாரு? நாமதான்.

1857-ல என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவுல கொழுப்பு விவகாரம் எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் நடந்தது பலருக்குத் தெரியாது. சிப்பாய்களுக்கு உள்வரி இல்லாத மழமழக் குழல் துப்பாக்கிகளைக் கொடுத்தாங்க. குறி தூரமா போகாது, அதுதான் வேணும். பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மார்டினி-ஹென்றி வந்தப்போ இந்தியச் சிப்பாய் கையில் பழைய ஸ்னைடர். எப்பவுமே ஒரு தலைமுறை பின்னாடி. 1878-ல ஆயுதச் சட்டம் போட்டு, லைசென்ஸ் இல்லாம யாரும் வைக்கக்கூடாதுன்னாங்க. ஐரோப்பியர்களுக்கு மட்டும் விலக்கு.

இதோட உச்சம் என்னன்னா போலீஸுக்குக் கொடுத்த பாயிண்ட் 410 மஸ்கட். ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல, வங்காளத்துல இருக்கிற இஷாப்பூர் தொழிற்சாலையில, நல்லா இருந்த லீ-என்ஃபீல்டு த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை எடுத்து, குழலை 0.410 அங்குலத்துக்கு மழமழன்னு மாத்தி, மேகசின் இடத்துல ஒரு மரக்கட்டையை அடிச்சு அடைச்சுட்டாங்க. பத்துத் தோட்டா போகிற துப்பாக்கி ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கி ஆயிடுச்சு. தோட்டாவும் த்ரீ நாட் த்ரீ கூட்டை நேராக்கிச் செஞ்சது. கூட்டம் ஸ்டேஷனைத் தாக்கி துப்பாக்கியைப் பறிச்சுட்டுப் போனாலும் ராணுவத் தோட்டா அதுல போகாது. அந்தத் தோட்டாவைத் திருடினாலும் வேற எதுலயும் சுட முடியாது. ஒரு நல்ல துப்பாக்கியைக் காசு செலவு பண்ணிக் கெடுத்து வச்ச அரசாங்கம் உலகத்துல வேற இருக்கான்னு தெரியலை.

வெள்ளைக்காரன் போயிட்டான். கணக்கு போகலை. 1959-ல நாமளே ஆயுதச் சட்டம் போட்டோம், 1962-ல விதிகள். அந்த விதிகளோட முதல் அட்டவணையைப் படிச்சீங்கன்னா நான் சொல்ற மொத்த சரித்திரமும் அதுல படிமம் படிமமாக் கிடக்கும். த்ரீ நாட் த்ரீ, 7.62 ராணுவத் தோட்டா போகிற துப்பாக்கி கூடாது. 410 மஸ்கட் கூடாது (அதையும் விடலை பாருங்க!). பாயிண்ட் 380, 455 விளிம்புத் தோட்டாவோ, ராணுவ 9 மி.மீ. தோட்டாவோ போகிற கைத்துப்பாக்கி, ரிவால்வர், கார்பைன் எதுவும் கூடாது. இதுக்குப் பேர் தடைசெய்யப்பட்ட போர். பெரும் சண்டைன்னு நினைச்சுக்காதீங்க, குழல் விட்டத்துக்கும் இங்கே 'போர்'னுதான் சொல்றது.

அதனாலதான் நம்ம நாட்டுல லைசென்ஸ்காரங்க கையில விசித்திரமான காலிபர்கள். நீளத் துப்பாக்கின்னா பாயிண்ட் 315. இது பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் ராணுவத் தோட்டா வம்சம். த்ரீ நாட் த்ரீ ஆகாதுன்னதும் அதுக்குப் பதிலா வந்து உட்கார்ந்தது, பிறந்த ஊர்ல செத்துப்போச்சு, இங்கே இன்னும் உயிரோட இருக்கு. ரிவால்வர்னா பாயிண்ட் 32, கான்பூர் அரசுத் தொழிற்சாலை. பண்ணையார் வீட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருக்கிறது பெரும்பாலும் பன்னிரண்டு போர் இரட்டைக் குழல்.

ஆக, கைத்துப்பாக்கித் தோட்டா கார்பைன் நம்ம ஊர்ல சர்க்கார் சாமான் மட்டும்தான். டீக்கடைக் காவலர் தோள்ல இருந்ததே, அதோட பூர்வீகம் சொல்றேன். ஸ்டென்னுக்குப் பிறகு ஜார்ஜ் பாட்செட்டுங்கிறவர் செஞ்ச ஸ்டெர்லிங் துப்பாக்கியை 1953-ல பிரிட்டன் ராணுவம் எடுத்துக்கிட்டது. அதை 1960-கள்ல கான்பூர்ல செய்ய ஆரம்பிச்சோம். முழுப்பெயர் கார்பைன் மெஷின் 9 மி.மீ. 1ஏ1. எடை மூணு கிலோவுக்குள்ள. தோட்டா 9×19. இஷாப்பூர்ல செய்யற பிரவுனிங் வகைக் கைத்துப்பாக்கிக்கும் அதே தோட்டா. வின்செஸ்டர் கணக்கேதான், ஒரே வார், ரெண்டு துப்பாக்கி. அதிகாரி இடுப்புக்கும் காவலர் தோளுக்கும் ஸ்டோர்ல ஒரே பெட்டி.

1984 அக்டோபர் 31 அன்னிக்கு இந்திரா காந்தி வீட்டுத் தோட்டத்துல சத்வந்த் சிங் கையில இருந்ததும் இந்த வகைக் கார்பைன்தான். பாதுகாப்புக்காகக் கொடுத்தது.

நூறு மீட்டருக்குள்ள இந்த 9 மி.மீ.யை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. குறை வந்தது வேற பக்கத்துல இருந்து. எதிரில் இருக்கிறவன் குண்டு துளைக்காத உடுப்பு போட ஆரம்பிச்சுட்டான். தடித்து மெதுவாப் போகிற ஈயக் குண்டை அந்த உடுப்பு பஞ்சு மாதிரி வாங்கிக்கும். 2008 நவம்பரில் மும்பையில வந்தவங்க கையில ஏ.கே. வகைத் துப்பாக்கி, ரயில் நிலையத்துல நம்ம போலீஸ் கையில பழைய த்ரீ நாட் த்ரீ. அதுக்கப்புறம் நாடு முழுக்க எல்லா ஸ்டேஷன்லயும் 'எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா'ங்கிற கேள்வி மறுபடி கிளம்புச்சு.

அதுக்கு முன்னாடியே புனேயில இருக்கிற ஆயுத ஆராய்ச்சிக் கூடத்துல புதுத் தோட்டா ஒண்ணு தயாராகிக்கிட்டு இருந்தது. 5.56×30. ஒல்லி, வேகம், உடுப்பைத் துளைக்கும், ஆனா முழு ரைபிள் தோட்டா அளவுக்குத் தோளை இடிக்காது. ஐரோப்பாவுல பெல்ஜியம் 5.7×28-னும் ஜெர்மனி 4.6×30-னும் இதே கணக்குல ரெண்டு தோட்டா விட்டு, பல வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. நாம மூணாவதா நம்ம சொந்தத் தோட்டா. அதுக்கான ஜே.வி.பி.சி. கார்பைன் சுமார் மூணு கிலோ, நிமிஷத்துக்கு 700 குண்டு வேகம். மத்திய ரிசர்வ் போலீஸும் சில மாநிலப் போலீஸும் எடுத்துக்கிட்டாங்க. 2020 டிசம்பரில் ராணுவச் சோதனையோட கடைசிக் கட்டமும் முடிஞ்சதுன்னு அறிவிப்பு.

சரி, 9 மி.மீ. கதை முடிஞ்சதுன்னு நினைச்சா, ஆறு வாரம்கூட ஆகலை. 2021 ஜனவரியில அதே புனே கூடமும் மோவ் காலாட்படைப் பள்ளியும் சேர்ந்து 'அஸ்மி'ன்னு ஒண்ணைக் காட்டினாங்க. காலிபர்? 9×19! லூகர் தாத்தாவோட தோட்டாவேதான். எட்டு அங்குலக் குழல், 33 தோட்டா மேகசின், நாலே மாசத்துல செஞ்சதாம், ஒண்ணோட செலவு 50,000 ரூபாய்க்குள்ள வரும்னு சொன்னாங்க. 2024-ல ராணுவத்தோட வடக்குப் பிரிவு 550 வாங்குச்சு.

எனக்கு இதுல ஆச்சரியம் இல்லை. புதுத் தோட்டா எவ்வளவு நல்லதா இருந்தாலும், நம்ம நாட்டைத் தாண்டி வேற எங்கேயும் அதை யாரும் செய்யறதில்லை. அந்தத் தோட்டாவுக்குக் கைத்துப்பாக்கி கிடையாது. 9×19 உலகத்துல எந்த மூலையிலும் கிடைக்கும். அந்தப் பக்கம் ராணுவம் நெருக்கச் சண்டைக்குன்னு மொத்தமாக் கேட்ட கார்பைனோ 5.56×45, அதாவது முழு ரைபிள் தோட்டா. நடுவுல இருக்கிற 5.56×30-க்குத்தான் பாவம், ரெண்டு பக்கமும் இடி.

போலீஸுக்கு எதுன்னு என்னைக் கேட்டா (யாரும் கேட்க மாட்டாங்க, இருந்தாலும்) நான் 9 மி.மீ.யைத்தான் சொல்லுவேன். என் காரணம் உடுப்பைத் துளைக்கிறது இல்லை. 2018 மே 22 தூத்துக்குடி. கூட்டத்துக்கு முன்னாடி கொண்டுபோனது எஸ்.எல்.ஆர்., 7.62×51. ராணுவம் நாடுகளுக்கிடையே சண்டைபோட வச்சிருந்த தோட்டா. 9 மி.மீ. குண்டோட ஒப்பிட்டா அஞ்சு மடங்குக்கும் மேல விசை. பதிமூணு பேர் போனாங்க. ஓடிக்கிட்டு இருந்தவங்க மேலயும் தூரத்துல இருந்து சுட்டிருக்காங்கன்னு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொல்லுச்சு. தோட்டா சின்னதா இருந்தா சாவு இருக்காதுன்னு நான் சொல்ல வரலை, 9 மி.மீ. குண்டும் கிலோமீட்டர் தாண்டிப் போகும். சுடச்சொன்னவன் சுடச்சொன்னவன்தான். ஆனா நூறு மீட்டர்ல குறி தளர்ந்துடற ஒரு துப்பாக்கியை வச்சுக்கிட்டு யாரும் தெருவோட அந்தக் கோடியில ஓடறவனைக் குறிபார்க்க மாட்டான். போலீஸ் ஸ்டோர்ல எந்தப் பெட்டி இருக்குங்கிறது வெறும் தளவாடக் கணக்கு இல்லை.

மலைக்கு வருவோம். பெரியவர் சொன்ன குழா.

கல்வராயன் மலையில சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன்னு மூணு ஜாகிர் இருந்தது. 1970-களோட நடுப்பகுதி வரைக்கும் அங்கே சர்க்காரை விட ஜாகிர்தார் பேச்சுக்குத்தான் மதிப்பு. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்கப்புறம் மெதுவா ஏறினது. சாமை, தினை, மரவள்ளி போட்ட மலையாளி சனம் (கேரளாக்காரங்க இல்லை, மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம்) காட்டுப்பன்னிக்கு யாருகிட்டப் போய்ச் சொல்லும்? கொல்லர் பட்டறையில செஞ்ச நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியா மருந்து, பால்ரஸ் குண்டு. இதுக்குத் தோட்டாக் கூடே கிடையாது. தோட்டா இல்லைன்னா காலிபர் ஏது? லூகரும் இல்லை, கான்பூரும் இல்லை, அட்டவணையும் இல்லை. எந்த சர்க்கார் பெட்டியையும் நம்பாத துப்பாக்கி. அதனாலேயே சர்க்காருக்கு ஆகாத துப்பாக்கி.

வாழ்த்திப் பேசறதா நினைச்சுக்காதீங்க. குழல் வெடிச்சு கை போனவங்க, பன்னின்னு நினைச்சு இருட்டுல மனுஷனைச் சுட்டவங்க, இந்த மாதிரி சேதி எங்க பக்கத்துல வருஷம் தவறாம வரும். லைசென்ஸ் இல்லாததால வெளிய சொல்ல முடியாம, காயத்தைக் கட்டிக்கிட்டு வீட்டுலயே கிடந்து செத்தவரை எனக்கே தெரியும். போலீஸ் அப்பப்போ தண்டோரா போடும்: கள்ளத்துப்பாக்கியைத் தானா ஒப்படைச்சா வழக்கு இல்லை. மறுநாள் காலையில காட்டோரத்துல, கோயில் பக்கத்துல, பேர் இல்லாம நாலஞ்சு துப்பாக்கி சாத்தி வச்சிருக்கும். எடுத்துட்டுப் போவாங்க, பேப்பர்ல வரிசையா அடுக்கி போட்டோ வரும்.

பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் கொடுக்கறதுக்கு விதியில இடம் உண்டு. மலை ஏறி இறங்கி, மனு எழுதி, விசாரணை முடிச்சு வாங்கினவங்க எத்தனை பேர்னு அந்த பஸ்ஸுல இருந்த யாராலயும் ஒருத்தர் பேர் சொல்ல முடியலை. குடகு மலைக்காரங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே லைசென்ஸ் விலக்கு, இப்போ 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. ரெண்டும் மலைதான். அங்கே வெள்ளைக்காரனுக்கு விசுவாசமா இருந்ததுக்குக் கிடைச்ச சலுகை, இங்கே யாரும் எட்டிக்கூடப் பார்க்காததுக்குக் கிடைச்ச வழக்கு. 2025-ல தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையில இருந்து 3 கி.மீ. தாண்டி வர்ற பன்னியை வனத்துறை ஆளுங்களே சுடலாம்னு சொல்லியிருக்கு. கல்வராயன்ல காப்புக்காட்டுல இருந்து 3 கி.மீ. தள்ளி மரவள்ளி போட்டிருக்கிற ஆளை எனக்குக் காட்டுங்க, வடை வாங்கித் தரேன்.

திரும்பி வரும்போது அதே டீக்கடை. அதே காவலர். பேச்சுவாக்குல, "சார், இதுல எத்தனை தடவை சுட்டிருப்பீங்க?"ன்னு கேட்டேன்.

"பயிற்சியில சுட்டதோட சரிங்க. அதுவும் தோட்டா எண்ணித்தான் குடுப்பாங்க. சுட்டதும் காலிக் கூட்டைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்கணும். ஒண்ணு குறைஞ்சா புல்லுக்குள்ள மண்டிபோட்டுத் தேடணும்."

"தேடியிருக்கீங்களா?"

"ஒருக்கா. ரெண்டு மணி நேரம். கடைசியில ஷூ லேஸுக்குள்ள சிக்கிக்கிட்டு இருந்துச்சு" ன்னார்.

டிஸ்கி: பலாப்பழப் பெரியவரை வெள்ளிமலை சந்தையில மறுபடி பார்த்தேன். பழத்தை 80 ரூபாய்க்குக் கொடுத்துட்டார். துப்பாக்கியைப் பத்தி நானும் கேட்கலை, அவரும் சொல்லலை.